அயோடின் இல்லாத ஜெல்

கொஞ்சம் மஞ்சளாகிவிடேன். கொஞ்சம் போதும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பக்கத்து மேஜையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். கையுறை போட்ட விரல்களால் சின்னக் குப்பியைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே இருந்த ஜெல் சோம்பலாக ஒரு பக்கம் சரிந்து நின்றது. தண்ணீரைப் போலத் தெளிவு. அதன் வழியாகவே எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கலாம் போலிருந்தது. பத்து இருபது. பத்தொன்பதாவது நாள்.

“என்ன, இன்னிக்கும் தேன் வடியலையா?” என்றார் கண்ணாடிக்காரர், தலை நிமிராமலே.

“இல்லண்ணே.”

“தேனீயெல்லாம் லீவு போட்டிருக்கும். நம்மளுக்குத்தான் லீவு கெடையாது.”

அவருக்காகச் சிரித்து வைத்தாள். தேன் என்பது அவர் வைத்த பெயர்தான். மூன்று வருடங்களுக்கு முன்னால் முதல் முறையாக அந்த ஜெல் சரியாக வந்த நாளில், குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இத ரொட்டியில தடவிச் சாப்பிடலாம் போல இருக்கே” என்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அது தேன். ஆய்வகத் தலைவர்கூட வெளியாட்களிடம் பேசும்போது வாய் தவறித் தேன் என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்வார்.

அங்கே செய்வது சாயத்தால் ஓடும் சூரிய மின்கலம். விரல் நீளக் கண்ணாடி இரண்டு. ஒன்றின் மேல் வெள்ளைப் பசையைப் பூசி, சுட்டெடுத்து, சிவப்புச் சாயத்தில் ஊறப் போடுவார்கள். வெளிச்சம் பட்டால் சாயம் ஒரு எலக்ட்ரானை விட்டுவிடும். விட்டதைத் திருப்பிக் கொண்டுவந்து அதன் கையில் கொடுக்க, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும் ஓர் ஆள் வேண்டும். அதுதான் மின்பகுளி. பெரும்பாலும் எல்லோரும் அதற்கு அயோடின் கரைசலைத்தான் வைப்பார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆவியாகும், கசியும், மின்சாரத்தை வெளியே எடுக்கும் வெள்ளிக் கோடுகளை அரித்துத் தின்னும். வெளியே வெயிலில் வைத்தால் இரண்டு வருடத்தில் செல் செத்துப்போகும்.

அயோடினை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைக் குடியமர்த்துவது. இருபத்தெட்டு வயதில் அவள் எடுத்துக்கொண்ட வேலை அது. இப்போது முப்பத்தொன்பது. மகள் பேசத் தொடங்கியபோது சொன்ன முதல் பத்துச் சொற்களில் ஒன்று ஜெல் என்று கணவர் இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். எட்டு வருடம் தோற்றாள். எதைப் போட்டாலும் செல் தன்மேல் பட்ட வெளிச்சத்தில் அரை சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக்கவில்லை. பிறகு ஒருநாள் கந்தகச் சேர்மம் ஒன்றை ஜெல்லில் கலந்து ஊற்றினாள். வெயில் பெட்டி என்று அவர்கள் அழைக்கும் விளக்கின் கீழே வைத்ததும் ஏழு சதவீதம் காட்டியது. அன்றைக்குக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது அவளுக்கு மட்டும் தெரியும்.

அந்த ஏழு சதவீதம் பத்தொன்பது நாளாக இல்லை. பழைய ஆள் ஊரைவிட்டுப் போனதுபோலப் போய்விட்டது. பூஜ்யம் புள்ளி ஆறு. மறுபடி செய்தால் பூஜ்யம் புள்ளி ஐந்து. சாயத்தைச் சந்தேகப்பட்டுப் புதுப் புட்டி உடைத்தாள். பசையைச் சந்தேகப்பட்டு உலையின் சூட்டை அளந்தாள். கந்தகத்தை அனுப்பிய கடைக்காரரிடம் தொலைபேசியில் சண்டை போட்டாள். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டாள். வயதாகிறது, விரல் நடுங்குகிறதோ என்று ஜன்னலோரம் நின்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கட்டிடக் கண்ணாடிகளில் செல் பதிக்கிறவர்கள். இருபது செல் கேட்டிருக்கிறார்கள். தேறினால் நான்கு வருடத்துக்கு இந்த ஆய்வகத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேறாவிட்டால் வருடக் கடைசியில் இந்த அறை வேறு துறைக்குப் போகும். கண்ணாடிக்காரருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவர் நிரந்தர ஆளும் இல்லை. இதையெல்லாம் அவரிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரியும் என்பது அவர் நகைச்சுவை கூடிக்கொண்டே போவதில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது மகள் ஸ்டூலில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் தோலெல்லாம் போயிருந்தது. கணவர் தரையில் உட்கார்ந்து மருந்துப் புட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

“எரியுமாப்பா?”

“எரியாது.”

“போன தடவையும் இதையேதான் சொன்ன.”

“போன தடவ எரியாதுன்னு நெனச்சு சொன்னேன். இந்தத் தடவ தெரிஞ்சே சொல்றேன்.”

மகள் கத்துவதற்குத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவர் சொட்டுக்குழலை வெளியே எடுத்தார். பழுப்பு நிற மருந்து. பழுப்பு நிற ரப்பர் தலை.

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

“அந்த ரப்பர் வாங்கும்போதே இந்தக் கலரா?”

“எந்த ரப்பர்?”

“கையில பிடிச்சிருக்கீங்களே, அது.”

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். “வெள்ளையா இருந்துச்சு. மருந்து ஏறிப்போயிருக்கு. அயோடின் இல்லியா, ஊறிடும். கழுவினாலும் போகாது.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், ஒனக்கும் எங்கயாவது அடியா?” என்றார்.

மகள் சிரித்தாள். அவள் கைப்பையோடே சமையலறைக்குள் போய் அலமாரியைத் திறந்து சோள மாவு டப்பாவை எடுத்தாள். எதற்காக என்று அவர்கள் கேட்கவில்லை. பதினொரு வருடப் பழக்கம்.

ஜெல்லில் காற்றுக் குமிழி இருந்தால் செல் ஓடாது. அதனால் குடுவையில் சூடாக்கிய ஜெல்லை ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பம்பால் இழுத்துக் குப்பியில் சேர்ப்பார்கள். அந்தக் குழாய் அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலேயே அங்கே இருந்தது. அவள் தோற்றுக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அதன் வழியே மற்றவர்களின் அயோடின் கரைசல்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் ஜெல் முதலில் கையால் பீச்சி அடைக்கப்பட்டது. குழாய்க்கு அது மாறியது அந்த ஏழு சதவீத நாளுக்குச் சற்று முன்னால். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் மூன்று தடவை கழுவுவாள். நான்காவது தடவையும் கழுவுவாள், மனசு கேட்காமல். குழாய்க்கு முன்னால் இருந்த குடுவைக்கோ வெளிச்சம் படக் கூடாதென்று அலுமினியத் தாள் சுற்றியிருப்பார்கள். உள்ளே ஜெல் என்ன நிறத்தில் இருந்தது என்று மூன்று வருடமாக ஒருவரும் பார்த்ததில்லை. குப்பிக்கு வந்து சேரும்போது தேன். சூட்டில் வருகிற நிறம் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தாள்.

பத்தொன்பது நாளுக்கு முன்னால் குழாயின் ஒரு முனை வெடித்தது. புதுக் குழாய் மாட்டினார்கள்.

காலையில் அவள் போனபோது கண்ணாடிக்காரர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பழைய குழாய என்ன பண்ணீங்க?”

“எந்தக் குழாய்?”

“வெடிச்சுப்போனது.”

அவர் கொஞ்சம் வெட்கத்தோடு தன் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். பல் போன வைர முனைகள், கைப்பிடி இல்லாத சுத்தியல், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. நடுவே சுருட்டி நூலால் கட்டிய குழாய். “நல்லாத்தாம்மா இருக்கு. மொனைய மட்டும் வெட்டிட்டா போதும். எதுக்காவது ஒதவும்னுதான்.”

அவள் அதிலிருந்து விரற்கடை அளவு வெட்டினாள். வெட்டிய வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெளித்தோல் அழுக்கு வெள்ளை. உள்ளே, சுவரின் பாதி ஆழம்வரை, பழுப்பு. புதுக் குழாயிலிருந்தும் அதே அளவு வெட்டி, இரண்டையும் தனித்தனிக் குடுவையில் தண்ணீரோடு போட்டுச் சூடாக்கினாள். சோள மாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கி இரண்டிலும் ஊற்றினாள்.

இரண்டும் வெள்ளையாகவே இருந்தன.

“ஒண்ணும் இல்லியே” என்றார் அவர், எதைத் தேடுகிறாள் என்று தெரியாமலே ஆறுதலாக.

“அயோடின் இருந்தா கஞ்சி நீலமாகும். சூடா இருக்கறப்ப வராதுண்ணே. ஆறணும்.”

இருவரும் நின்றார்கள். அவள் வாழ்க்கையில் இதுவரை எத்தனையோ அளவுகள் ஏற வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள். ஒன்று வரக் கூடாது என்று காத்திருந்தது இதுதான் முதல் தடவை. அடியில் முதலில் ஒரு நிழல்போல விழுந்தது. பிறகு மேலே ஏறியது. ஊதா, அப்புறம் நீலம், அப்புறம் பேனா மை. பக்கத்துக் குடுவை பால் வெள்ளையாக, ஒரு பாவமும் அறியாததுபோல இருந்தது.

“அழகாத்தான் இருக்கு” என்றார் கண்ணாடிக்காரர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பினார்.

மிச்சத்தையும் செய்து பார்த்தாள். பாதியில் விட அவளால் முடியாது. பழைய குழாயின் நல்ல முனையை மாட்டி ஜெல்லை இழுத்தாள். குப்பியில் தேன் வந்து விழுந்தது. அதைச் செல்லில் அடைத்து வெயில் பெட்டிக்குக் கீழே வைத்தாள். ஏழு புள்ளி பூஜ்யம்.

அப்படியென்றால் மூன்று வருடமாக வேலை செய்தது அயோடின். அவள் துரத்திவிட்டதாக ஊருக்கெல்லாம் சொன்ன ஆள், பின்கதவு வழியாக ஒவ்வொரு நாளும் வந்து, சத்தம் போடாமல் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறான். அவளுடைய கந்தகம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கிறது.

அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து பழைய கடிதங்களைத் திறந்தாள்.

தூரத்தில் வேறொரு ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தாள். முகம் பார்த்ததில்லை. இவளுடைய கட்டுரையைப் படித்துவிட்டு அந்த ஜெல்லைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவள். முதல் கடிதம் மரியாதையாக, கொஞ்சம் பயந்து. நீங்கள் எழுதியபடியே செய்கிறேன், அரை சதவீதம்தான் வருகிறது, நிறமும் வரவில்லை, எதில் தவறுகிறேன் என்று சொல்ல முடியுமா. மொத்தம் ஏழு கடிதம். சூட்டை மாற்றிப் பார்த்தேன். கந்தகத்தை நானே வடித்துப் பார்த்தேன். எல்லாக் கருவியையும் புதிதாக வாங்கிவிட்டேன். ஆறாவது கடிதத்தில் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு வரி, எதற்காகவோ எழுதி, அடுத்த வரியில் அதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தாள்.

இவள் எழுதிய பதில்கள் கீழே இருந்தன. ஒன்றை இவள் மறந்தே போயிருந்தாள். “கருவிகளின் சுத்தத்தைக் கவனியுங்கள். இந்த வேலையில் பாதி சுத்தம்தான். அதில் குறை இருந்தால் எந்த ஜெல்லும் கைகொடுக்காது.”

அதை எழுதியபோது இருந்த மனநிலைகூட ஞாபகம் வந்தது. உள்ளுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி. என் கைக்கு மட்டும் வருகிறது என்ற குளிர்ச்சி. அந்தப் பெண்ணின் கை சுத்தமாக இருந்ததால்தான் அவளுக்கு வரவில்லை. அழுக்காக இருந்தது இந்தக் கை.

ஏழாவது கடிதத்தில் இரண்டே வரி. ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன். உங்கள் பொறுமைக்கு நன்றி.

அவள் எழுதினாள். தவறு உங்களுடையது அல்ல, என்னுடையது, எப்படி என்று விளக்குகிறேன் என்று தொடங்கி, ஒரு பக்கம். அனுப்பினாள். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தது. அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை.

மதியம் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து வந்தார். நீலக் குடுவையையும் வெள்ளைக் குடுவையையும் பார்த்தார். வெயில் பெட்டியின் எண்ணைப் பார்த்தார். அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கத்துகிற மனிதர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“அண்ணனுக்கு.”

கண்ணாடிக்காரர் அறுத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

“நீ தெரிஞ்சா செஞ்ச? இல்லல்ல. நானும் தெரிஞ்சு கையெழுத்துப் போடல. அதனால பொய் சொன்னோம்னு யாரும் சொல்ல முடியாது.”

“நேத்துவரைக்கும் சார்.”

அவர் அதைக் கேட்காததுபோல விட்டார். “இங்க பாரும்மா. கண்டுபிடிச்சது நல்லதுதான். திருத்துவோம். கட்டுரையையும் திருத்துவோம். எல்லாம் பண்ணுவோம். ஆனா திருத்தறதுக்கு மொதல்ல ஒரு எடம் வேணும் இல்லயா? கூரை இருந்தாத்தானே ஒட்டடை அடிக்க முடியும். வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க. இன்னும் மூணு நாள் இருக்கு. அந்தப் பழைய குழாயோட மொனைய வெட்டிட்டு மாட்டு. இருவது செல். அதுக்குத் தாங்கும்ல?”

“தாங்கும்.”

“அப்பறம் என்ன?”

“அவங்க அயோடின் இல்லாத செல்தான் சார் கேட்டிருக்காங்க. ரெண்டு வருஷத்துல அரிச்சுடும். கட்டிடத்துல பதிச்சப்பறம்.”

“இத்துனூண்டு அயோடினுக்கு எத்தன வருஷம் தாங்கும்னு யாரு பாத்தா? ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? அதையும் சேத்து அந்த நாலு வருஷத்துல நீயே பாரு. ஒருவேளை அதுதான் புதுக் கண்டுபிடிப்பா இருக்கும்.” சொல்லும்போது அவருக்கே அது பிடித்துப்போனது, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நானே மாட்டிடுவேன். ஆனா அந்தப் பதம் ஒன் கைக்குத்தான் வரும். குமிழி இல்லாம அடைக்க இங்க வேற யாரு இருக்கா?”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். மகள் வயிற்றில் இருந்தபோது ஸ்பிரிட் வாடை ஆகாதென்று அவளுக்குத் தனி ஜன்னல் போட்டுக் கொடுத்தவர். அவர் சொல்வதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினாள். ஓட்டையே தெரியவில்லை. மாட்டினால் இந்த அறை பிழைக்கும். அண்ணனுக்கு இரண்டு வருடம் கிடைக்கும். மாட்டாவிட்டால் யாருக்கு என்ன கிடைக்கும்? அந்தப் பெண்ணுக்கா? அவளுடைய முகவரிகூட இல்லை. தன் கை சுத்தமில்லை என்று நம்பிக்கொண்டு எங்கேயோ வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இது போய்ச் சேரவே போவதில்லை.

“யோசிச்சு சொல்றேன்னு சொல்லாத” என்றார் தலைவர். “நேரம் இல்ல.”

“அண்ணே” என்றாள் அவள். “நீங்க என்ன சொல்றீங்க?”

கண்ணாடிக்காரர் வைர முனையைக் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். “என்னைக் கேக்காதம்மா. நான் சொன்னா எனக்காகச் சொல்றதாத்தான் இருக்கும்.” பிறகு, “நான் அத அன்னிக்கே குப்பையில போட்டிருக்கணும்” என்றார். அதில் நகைச்சுவை இல்லை.

தலைவர் எழுந்தார். குழாயை அவளுடைய மேஜைமேல் வைத்து, அதன் பக்கத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார், தோளில் தட்டுவதுபோல. “நாலு மணிக்கு வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, போகாமல் கதவருகே நின்றார்.

அவளுக்கு ஒன்றும் துணிச்சலாக இல்லை. பெரிதாக ஏதோ செய்கிறோம் என்ற சூடும் இல்லை. களைப்பாக இருந்தது. பதினொரு வருடம் ஒரே நாளில் கழுவியதுபோலப் போய்விட்டது. இனி எதைச் செய்தாலும் அது திரும்பி வராது. செய்யாமல் விட்டாலும் வராது. கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை.

குழாயை எடுத்து ஒரு அகலமான புட்டிக்குள் சுருட்டிப் போட்டு மூடினாள். அந்த ஆய்வகத்தில் எந்தப் புட்டியும் பெயர் எழுதாமல் அலமாரிக்குப் போகாது. அவளும் சீட்டில் எழுதினாள்: பழைய குழாய், அயோடின் உள்ளது. தேதி போட்டாள். கீழே தன் முதலெழுத்தைப் போட்டாள். புட்டியை எல்லோர் கண்ணிலும் படும் நடுத்தட்டில் வைத்தாள்.

“என்னம்மா இது?” என்றார் தலைவர்.

“இருவது செல் பண்ணித் தர்றேன் சார்” என்றாள். குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. “புதுக் குழாய்லதான் பண்ணுவேன்.”

“அரை சதவீதம் வரும்.”

“ஆமா சார். அதுதான் வரும்.”

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் நின்றார். அவள் குடுவையைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்து எடுத்துவிட்டு, அடுப்பை மூட்டி, உள்ளே ஜெல் இளகுவதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தெளிவாக இருந்தது. அண்ணன் முதல் கண்ணாடியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.